வீட்டிலிருந்து வேலை: சலுகையா, உரிமையா?

பெங்களூரின் பிரேசர் டவுன் ஒரு கொள்ளைநோயின் விளைவாக உருவான பகுதி. 1898இல் நகரைத் தாக்கிய பிளேக், தண்டு என்று முதியோர் இன்றும் அழைக்கும் கண்டோன்மெண்டின் நெரிசலான தெருக்களில் பெரும் உயிர்ச்சேதத்தை ஏற்படுத்தியது. காற்றும் வெளிச்சமும் புகும் வீடுகளோடு புதிய குடியிருப்புகளை அமைக்க வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னரே அன்றைய நிர்வாகத்துக்கு வந்தது. 1910ஆம் ஆண்டையொட்டி எழுந்த குடியிருப்பு ஒன்றுக்கு, மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் இளம்பருவ ஆசிரியராக இருந்த ஸ்டூவர்ட் ஃபிரேசரின் பெயர் சூட்டப்பட்டது. புலிகேசி நகர் என்று பெயர் மாற்றப்பட்ட பின்னும் பழைய பெயரே மக்கள் நாவில் நிலைத்திருக்கிறது. தமிழும் உருதும் கன்னடமும் ஆங்கிலமும் ஒரே தெருவில் ஒலிக்கும் அப்பகுதியின் வீடுகளுக்குள், 2020 மார்ச்சில் இன்னொரு கொள்ளைநோய் அலுவலகத்தையே கொண்டுவந்து இறக்கியது.

பெருந்தொற்று ஓய்ந்துவிட்டது, அலுவலகம் முழுதாக வெளியேறவில்லை. வாரத்தில் சில நாள் வீடு, சில நாள் அலுவலகம் என்பது தகவல் தொழில்நுட்பத் துறையில் வழக்கமாகிவிட்டது. இப்போது நிறுவனங்கள் ஊழியரைத் திரும்ப அழைக்கத் தொடங்கியுள்ளன. டாடா கன்சல்டன்சி 2023 அக்டோபரிலிருந்து வாரத்தின் ஐந்து நாட்களும் வருமாறு கூறியது. இன்ஃபோசிஸ் 2025 மார்ச்சிலிருந்து மாதத்தில் பத்து நாள் வருகையைக் கட்டாயமாக்கியது. கோல்ஸ் ரோட்டிலோ மாஸ்க் ரோட்டிலோ குடியிருக்கும் ஓர் ஊழியரின் அன்றாட வாழ்க்கை, அவரிடம் ஒரு சொல்லும் கேட்காமல் அனுப்பப்படும் மின்னஞ்சலால் மாற்றியமைக்கப்படுகிறது. வீடு நல்லதா, அலுவலகம் நல்லதா என்று ஊடகங்கள் பட்டிமன்றம் நடத்துகின்றன. அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை.

வீட்டிலிருந்து வேலை செய்வதில் தொழிலாளிக்குக் கிடைக்கும் நன்மைகள் மெய்யானவை. அவற்றை முதலாளிகளின் தந்திரம் என்று ஒதுக்கித் தள்ளுவது தவறு. பிரேசர் டவுனிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கோ எலக்ட்ரானிக் சிட்டிக்கோ சென்று திரும்புகிறவர் பெங்களூரின் போக்குவரத்து நெரிசலில் நாளொன்றுக்கு இரண்டு, மூன்று மணி நேரத்தை இழக்கிறார். அந்நேரம் மிச்சமானால் குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரலாம். நோயுற்ற தாய்க்கு மருந்து கொடுக்கலாம். ரம்ஜான் மாதத்தில் குடும்பத்தாரோடு அமர்ந்து நோன்பு திறக்கலாம். படியேற இயலாத மாற்றுத் திறனாளிக்கு வேலைச் சந்தையின் கதவு சற்றே திறக்கிறது. வேலூரிலோ திருநெல்வேலியிலோ பெற்றோரோடு இருந்துகொண்டே பெங்களூர் நிறுவனத்தில் பணியாற்ற முடிகிறது. தன் நேரத்தைத் தானே வகுத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை உழைப்பாளியின் நியாயமான, நீண்டகால ஆசை.

ஆனால் மிச்சமான அந்த நேரம் இறுதியில் யாரிடம் போய்ச் சேருகிறது? கலிபோர்னியாவில் காலை ஒன்பது மணி என்றால் பெங்களூரில் இரவு ஒன்பதரை அல்லது பத்தரை. அலுவலகத்தில் இருந்தால் கடைசி வண்டியைக் காரணம் காட்டி எழுந்துவிடலாம். வீட்டில் அந்தக் காரணமும் இல்லை. காலையில் லாக்-இன் செய்தவர் இரவு உணவுக்குப் பின்னும் மடிக்கணினியின் முன் உட்கார்கிறார். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக உழைத்தால், ஆண்டுக்கு 50 வேலை வாரங்களில் 250 மணி நேரம்; எட்டு மணி நேர வேலைநாளாகக் கணக்கிட்டால் முப்பது நாட்களுக்கும் மேல். ஊதியமில்லாத ஒரு மாத உழைப்பை நிறுவனம் ஓசையின்றிப் பெற்றுக்கொள்கிறது. மின்கட்டணம், இணையக் கட்டணம், நாற்காலி, மேசை, வீட்டில் ஓர் அறை என அலுவலகச் செலவின் ஒரு பகுதியும் ஊழியரின் தலையில் ஏறுகிறது. பெண் ஊழியருக்கோ சமையலறையும் வேலையறையும் ஒன்றாகிவிடுகின்றன.

இது கணினியோடு பிறந்த பிரச்சினை அன்று. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதல் தொகுதியில் மார்க்ஸ், நாட்டிங்காம் லேஸ் தொழிலை ஆராயும்போது, வீட்டுத் தொழில் என்பது தொழிற்சாலையின் வெளிப் பிரிவாக மாறிவிட்டதை விரிவாக விளக்கினார். தொழிலாளர்கள் சிதறிக் கிடப்பதால் அவர்களது எதிர்ப்பு வலுவிழக்கிறது என்பதையும் சுட்டிக்காட்டினார். தமிழ்நாட்டில் இதற்குத் தொலைவில் சென்று சான்று தேட வேண்டியதில்லை. திருநெல்வேலி, தென்காசி, வேலூர்ப் பகுதிகளில் பீடி சுற்றும் பெண்கள் பல தலைமுறைகளாக வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கும் நெகிழ்வு உண்டு: எப்போது வேண்டுமானாலும் சுற்றலாம், நடுவில் உலை வைக்கலாம். ஆயினும் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயிக்கப்பட்டிருக்கும்போது, எப்போது வேண்டுமானாலும் சுற்றலாம் என்பது எப்போதும் சுற்றியாக வேண்டும் என்றாகிவிடுகிறது.

அப்பெண்கள் ‘தொழிலாளிகளே அல்லர்’ என்றுதான் பீடி முதலாளிகள் வாதாடினர். தொழிற்சங்கங்கள் விடவில்லை. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் வேலை செய்பவரையும் ஊழியர் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. அதை எதிர்த்து மங்களூர் கணேஷ் பீடி நிறுவனம் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், 1974இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. வருங்கால வைப்பு நிதி அவர்களுக்கும் பொருந்தும் என்று 1985இல் அதே நீதிமன்றம் கூறியது. வீட்டில் நடக்கும் வேலையைத் தாங்கள் மேற்பார்வையிடுவதில்லை என்பது முதலாளிகளின் வாதம். தரமற்றவை என்று பீடிகளை நிராகரிக்கும் உரிமை அவர்களிடம் இருப்பதே கட்டுப்பாட்டுக்குப் போதிய சான்று என்பது நீதிமன்றத்தின் விடை. வேலை எங்கு நடக்கிறது என்பதால் முதலாளியின் பொறுப்பு தீர்ந்துவிடாது என்ற கோட்பாடு இவ்வாறு நிலைநாட்டப்பட்டது. திரையின் அசைவையும் விசைப்பலகையின் தட்டலையும் கணக்கெடுக்கும் மென்பொருள்கள் வந்துவிட்ட இந்நாளில், அக்கோட்பாடு கணினி ஊழியருக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்.

பீடித் தொழிலாளி போராடிப் பெற்ற எழுத்து வடிவிலான பாதுகாப்பு கர்நாடகத்தின் கணினி ஊழியருக்கு மறுக்கப்பட்டிருக்கிறது என்பதே இன்றைய முரண். வேலை நேரம், ஷிப்டு, வருகைப் பதிவு, விடுப்பு, பணிநீக்கம், குறைதீர்ப்பு ஆகியவற்றை வெளிப்படையாக எழுதி, அதிகாரியிடம் சான்று பெற்று, தொழிலாளிக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்பதற்காகவே 1946இல் நிலையாணைகள் சட்டம் இயற்றப்பட்டது. தகவல் தொழில்நுட்பத் துறைக்குக் கர்நாடக அரசு இச்சட்டத்திலிருந்து தொடர்ந்து விலக்கு அளித்து வந்தது. 2014, 2019 என்று நீண்ட அந்த விலக்கு, 2024 மார்ச்சில் மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. ஆட்சியிலிருந்த கட்சிகள் மாறின; விலக்கு மாறவில்லை. குறைதீர்ப்புக் குழு அமைப்பது, பணிநீக்க விவரங்களைத் தொழிலாளர் துறைக்குத் தெரிவிப்பது போன்ற நிபந்தனைகள் சேர்க்கப்பட்டுள்ளன. ஆயினும் வேலை நிலைமைகளை எழுதிச் சான்று பெறும் கடமை நீங்கியது நீங்கியதே. வீட்டிலிருந்து எத்தனை நாள், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்பது எங்கே எழுதப்பட வேண்டுமோ, அந்த ஏடே இத்துறையில் இல்லை.

ஒன்றிய அரசின் போக்கும் இதுவே. 2020 டிசம்பர் 31 அன்று வெளியான சேவைத் துறைக்கான மாதிரி நிலையாணை வரைவு வீட்டிலிருந்து வேலையைக் குறிப்பிட்டது. ஆனால் முதலாளி ‘அனுமதிக்கலாம்’ என்ற அளவில் நின்றது. தகவல் தொழில்நுட்பத் துறையின் வேலை நேரத்தை ஒப்பந்தத்துக்கும் நியமன நிபந்தனைகளுக்கும் விட்டுவிட்டது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், நிலையாணைகளை 300 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களுக்கு மட்டும் உரியதாக்கிவிட்டன. பரஸ்பர சம்மதத்தின் பேரில் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று அரசு பெருமை பேசுகிறது. வேலை தரும் பெருநிறுவனத்துக்கும் வேலையை இழக்க அஞ்சும் தனி ஊழியருக்கும் இடையே நிகழ்வதைப் பரஸ்பர சம்மதம் என்பது சொல்லழகே.

நெகிழ்வு என்ற சொல் எத்திசையில் வளைக்கப்படுகிறது என்பதற்கு வேறு சான்றுகளும் உண்டு. கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் 1961, நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி, மிகைநேரம் உட்பட நாளுக்கு 10 மணி என்று வரம்பு விதிக்கிறது. மிகைநேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் என்கிறது. 2024 ஜூலையில் அதைத் திருத்தி 14 மணி நேர வேலைநாளுக்கு வழி செய்யும் யோசனை முன்வைக்கப்பட்டது. 2025 ஜூனில் 12 மணி நேரம் என்ற வடிவில் அது மீண்டும் வந்தது. மூன்று மாதங்களுக்கான மிகைநேர வரம்பை 50 மணியிலிருந்து 144 மணியாக உயர்த்தவும் முயற்சி நடந்தது. கர்நாடக மாநில தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கம் இரண்டையும் எதிர்த்துக் களமிறங்கியது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கான மசோதா சட்டமன்றத்தில் நிறைவேற்றப்பட்டபோதும் நெகிழ்வு என்பதே சொல்லப்பட்ட காரணம். தொழிற்சங்கங்களின் ஒன்றுபட்ட எதிர்ப்பால் அது திரும்பப் பெறப்பட்டது. 1923இல் சிங்காரவேலர் சென்னையில் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதன் நூற்றாண்டில் கிட்டிய வெற்றி அது. மறுபுறம், ஊழியர் தம் ஓய்வு நேரத்தை நெகிழ்வாகப் பயன்படுத்தினால் அது துரோகமாகிவிடுகிறது. 2022 செப்டம்பரில், போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்ததாகக் கூறி 300 ஊழியரை வேலையைவிட்டு நீக்கியதாக விப்ரோவின் தலைவர் அறிவித்தார். நிறுவனம் ஊழியரின் இரவைக் கேட்கலாம். அந்த இரவின்மேல் ஊழியருக்கே உரிமை இல்லை என்பதே இதன் பொருள்.

ஆகவே நெகிழ்வின் பயனை முழுமையாகப் பெற விரும்பும் ஊழியர் முதலில் செய்ய வேண்டியது, வாய்மொழியாகக் கிடைக்கும் சலுகையை எழுத்துக்குக் கொண்டுவருவது. எந்தெந்த நாள் வீடு, எந்த நேரம் கூட்டங்களுக்கு உரியது, எந்நேரத்துக்குப் பின் அழைப்பு கூடாது, செலவு யாருடையது என்பவற்றை மின்னஞ்சல் வழியாகவேனும் உறுதி செய்துகொள்ள வேண்டும். வேலை தொடங்கும், முடியும் நேரங்களை நாள்தோறும் தாமே குறித்து வைக்க வேண்டும். நிறுவனத்தின் கணக்கு நிறுவனத்தின் கையில் இருக்கும். மிகைநேர ஊதியம் கோரும் நாளில் ஊழியரின் கணக்கே துணை நிற்கும். மகப்பேறு விடுப்புக்குப் பின் வீட்டிலிருந்து பணியாற்ற 2017ஆம் ஆண்டின் திருத்தம் இடமளிக்கிறது. அதே திருத்தம் 50 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதைத் தட்டிக்கழிக்க அனுமதிக்கலாகாது. இரவில் வரும் செய்திக்கு ஒருவர் மட்டும் பதில் அனுப்பாதிருந்தால் அவர் சோம்பேறி எனப்படுவார். குழு முழுவதும் காலைவரை காத்திருந்தால் அது நடைமுறையாகிவிடும். அவரவர் அறையில் தனித்திருக்கும் ஊழியர்களை ஒரே குழுவாக்குவது சங்கத்தின் வேலை. ஆலை வாயில் இல்லாத தொழிலில் சங்கம் குடியிருப்புகளைத் தேடிச் செல்ல வேண்டும். பிரேசர் டவுன் போன்ற பகுதிகளில் வட்டாரக் கூட்டங்கள் இன்று அவசியமாகின்றன.

அரசுகள் செய்ய வேண்டியவையும் தெளிவானவை. வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பிரான்சில் 2017 முதல் சட்டமாக உள்ளது. ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளாதிருப்பது முதலாளியின் கடமை என்று போர்ச்சுகல் 2021இல் சட்டமியற்றியது. தொலைவிலிருந்து வேலை செய்வதால் ஏற்படும் கூடுதல் செலவையும் முதலாளியே ஏற்க வேண்டும் என்றது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் இவ்வுரிமை நடைமுறைக்கு வந்தது. வீட்டுத் தொழிலாளியைப் பிற தொழிலாளிகளுக்கு இணையாக நடத்த வேண்டும் என்று கூறும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177ஆவது உடன்படிக்கை 1996இல் நிறைவேறியது. இந்தியா இன்றுவரை அதை ஏற்கவில்லை. அதை ஏற்றால் பயன் கணினி ஊழியருக்கு மட்டுமன்று. பெங்களூரின் சந்துகளில் ஊதுபத்தி உருட்டும் பெண்ணுக்கும், தென்காசியில் பீடி சுற்றும் பெண்ணுக்கும் அது கேடயமாகும்.

கர்நாடக அரசு நிலையாணை விலக்கை முடிவுக்குக் கொண்டுவர வேண்டும்; 12 மணி நேர யோசனையை முற்றாகக் கைவிட வேண்டும்; தொடர்பைத் துண்டிக்கும் உரிமையைச் சட்டமாக்க வேண்டும். ஒன்றிய அரசு 177ஆவது உடன்படிக்கையை ஏற்க வேண்டும். இக்கோரிக்கைகளைக் கணினி ஊழியர் தனியே வென்றெடுக்க இயலாது. அலுவலகங்கள் மூடியபோது முதலில் வேலையிழந்த கேண்டீன் தொழிலாளியும் வண்டி ஓட்டுநரும், வீட்டிலிருந்து வேலை என்பதை நெடுங்காலமாக அறிந்த பீடித் தொழிலாளியும் அவரோடு ஓரணியில் நிற்கும்போதே அவை கைகூடும்.