மேல்மாடி வாங்குவோர் கவனத்துக்கு

சேமநிதிப் பணத்தைப் போட்டு, வாடகைக்கு விடலாம் என்று மும்பையில் வீடு வாங்கும் நம்மவர்கள் சிலர், விலை குறைவென்று பழைய கட்டடத்தின் மேல்மாடியை நாடுகிறார்கள். சுவரில் புதுப்பூச்சு இருந்தால் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். சந்தேகப்பட வேண்டியதே அந்தப் பூச்சைத்தான்! ஜூலை மழையில் ஒருமுறை போய், மேல்தளத்தை அண்ணாந்து பார்ப்பது நல்லது.

மகாராஷ்டிர மாதிரி துணைவிதிகளின்படி, மொட்டைமாடி ஒழுகலைச் சரிசெய்வது வீட்டுவசதிச் சங்கத்தின் பொறுப்பு. மேல்மாடிக்காரர் தலையில் மட்டும் அதைக் கட்ட முடியாது. ஆனால் சங்கத்திடம் பணம் இருக்கவேண்டுமே! பழுதுபார்ப்பு நிதிக்கு, கட்டுமானச் செலவில் ஆண்டுக்கு 0.75 சதவீதமாவது வசூலிக்கவேண்டும் என்பது விதி. 30 ஆண்டு கடந்த கட்டடத்துக்கு உறுதிச் சோதனை அறிக்கையும் இருக்கவேண்டும். இவற்றைக் காட்ட விற்பவர் தயங்கினால் முன்பணம் கொடுக்கலாகாது.