சார்ஜரோடு கிராமசபைக்கு வாங்க!



சனவரி 26 கிராமசபைக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. ஆண்டிமடம் பஸ் ஸ்டாண்டில் பேட்டரி வண்டிகளுக்கு சார்ஜ் போட ஊராட்சியே பொது இடம் அமைக்க வேண்டும் என்ற தீர்மானம் அன்றைக்கு நிறைவேறியாக வேண்டும். விட்டால் அடுத்த கிராமசபைக்கு மார்ச் 22 வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

போன வாரம் மத்தியானம் நம் ஆட்டோ ஸ்டாண்டுத் தோழர் ஒருவர் விருத்தாசலம் ரோட்டில் ஈ-ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்சீட்டில் இரண்டு தவிட்டு மூட்டை. கடைவீதிக்கு வந்து, தையல்கடை ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து மாட்டினார். அரை மணியில் பிளக்கைத் தொட முடியவில்லை, அப்படிச் சூடு. கடைக்கார அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மெஷினை மிதித்துக்கொண்டே மீட்டரை மட்டும் ஏறிட்டு ஏறிட்டுப் பார்த்தார். கிளம்பும்போதுதான், "தம்பி, நாளைக்கு வேற கடை பாத்துக்கப்பா" என்றார். அவர் மீது கோபப்பட என்ன இருக்கிறது? பொதுவில் இருக்க வேண்டிய வசதியை அந்த அக்காவின் கரண்ட் பில்லில் ஏற்றியிருக்கிறோம்.

கார்களுக்கு வைக்கிற பெரிய ஃபாஸ்ட் சார்ஜரை நாம் கேட்கவில்லை. காலையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஜெயங்கொண்டத்துக்கும் அரியலூருக்கும் பஸ் ஏறுகிறவர்கள் திரும்பிவரச் சாயங்காலம் ஆகிறது. அதுவரை வண்டி வெயிலில் சும்மா நிற்கிறது. பெரும்பாலான ஸ்கூட்டர் பேட்டரி இரண்டு முதல் நாலு யூனிட்தான் பிடிக்கும். வீட்டில் ஏசிக்கு மாட்டுகிற 15 ஆம்பியர் பிளக் போதும், நாலைந்து மணி நேரத்தில் நிரம்பிவிடும். ஆட்டோவுக்குக் கூடுதலாகத் தேவைதான். ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மணி நேரம் போட்டால் நாலு சவாரி கூடக் கிடைக்கும். ஒரு கொட்டகை, ஆறு பிளக், தனி மீட்டர். கேட்பது இவ்வளவுதான்.

கேரளத்தில் 2021-லேயே கோழிக்கோட்டில் மின்வாரியம் கரண்ட் கம்பத்தில் பெட்டி மாட்டி ஆட்டோக்காரர்களுக்கு சார்ஜ் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. நம் ஊரில் கம்பத்துக்கா பஞ்சம்?

லைசென்ஸ் வேண்டுமே என்பார்கள். வேண்டாம். சார்ஜ் போட்டுக் கொடுப்பது மின்சார விற்பனை அல்ல, சேவை என்று 2018-லேயே மத்திய மின்துறை சொல்லிவிட்டது. பணம் இல்லை என்பார்கள். மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங் நிலையங்களுக்கு மட்டும் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு. இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கென்று 48,400 சார்ஜர் இலக்கு. கேட்காத ஊருக்கு அதில் ஒன்றுகூட வராது. ஊராட்சியால் நடத்த முடியாது என்றால், நடத்த முன்வருபவருக்கு அரசு நிலத்தைக் கொடுத்து யூனிட்டுக்கு ஒரு ரூபாய் பங்கு வாங்கிக்கொள்ள மத்திய மின்துறையின் வழிகாட்டுதலில் வழி இருக்கிறது. ஆனால் அப்போதும் இடம் ஊருடையதாகவே இருக்க வேண்டும், கட்டணம் தமிழில் பலகையில் எழுதியிருக்க வேண்டும், ஆப் இல்லாதவர் கையில் காசு கொடுத்தும் சார்ஜ் போட முடிய வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

குடிதண்ணீரே ஒழுங்கா வரல, இதுல சார்ஜிங் ஒரு கேடா என்று டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. தண்ணீருக்கும் அதே கூட்டத்தில் கை தூக்குவோம் அய்யா, ஒன்றைக் கேட்டதால் இன்னொன்று குறைந்துபோகாது என்றேன்.

கரண்ட் விஷயத்தில் நம் பகுதி ஏமாந்தது போதும். தொண்ணூறுகளில் ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரி மின்திட்டம் என்று சொல்லி நிலத்தை எடுத்தார்கள். மின்நிலையம் வரவே இல்லை. நிலத்துக்காகக் கோர்ட்டு கோர்ட்டாக அலைந்ததுதான் மிச்சம். அவ்வளவு நிலம் கொடுத்த சீமை ஆறு பிளக் கேட்கிறது!

தலைவர் இல்லையே, யாரிடம் கேட்பது என்று கையைப் பிசைய வேண்டாம். 2025 சனவரி 5-ஓடு தலைவர், வார்டு உறுப்பினர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் நிர்வாகம் நடக்கிறது, உண்மைதான். பதவிக்குத்தான் காலம் உண்டு, கிராமசபைக்குக் கிடையாது. ஓட்டர் லிஸ்டில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். ஆனால் கோரம் வேண்டும்: மூவாயிரத்துக்கு மேல் சனம் உள்ள ஊராட்சிக்கு 200 பேர், பத்தாயிரத்தைத் தாண்டினால் 300 பேர். நாம் முந்நூறு என்றே வைத்துக்கொள்வோம். ஸ்டாண்டுக்காரர்கள் மட்டும் வந்தால் பத்தாது. மகளிர் குழு, டெலிவரி தம்பிகள், ஸ்கூட்டரில் போய்வரும் டீச்சர்கள், அந்தத் தையல்கடை அக்கா, எல்லாரையும் வீடு வீடாகப் போய்க் கூப்பிடுங்கள்.

வெற்றுத்தாளில் முதலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிறகு எழுதிக்கொள்கிற கூத்து பல ஊரில் நடக்கிறது. தீர்மானத்தைப் புத்தகத்தில் எழுதி, சத்தமாக வாசித்த பிறகே பேனாவைத் தொடுங்கள். மனு இரண்டு பிரதி இருக்கட்டும், ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஆட்டோ ஸ்டாண்டில் கூடி யார் பேசுவது என்று முடிவு செய்கிறோம். திங்கட்கிழமை கிராமசபைக்கு, பேட்டரி வண்டி வைத்திருப்பவர்கள் வண்டியோடு வாருங்கள். சார்ஜரை வீட்டில் விட்டுவிடாதீர்கள். பேச எழுந்திருக்கும்போது அதை மேசைமேல் வைத்து, இதை எங்கே மாட்டுவது என்று கேளுங்கள்.