பிள்ளையின் தட்டுக்கு முன் நம் தட்டு

"என் பிள்ளை கீரையைத் தொடுவதே இல்லை" என்று முறையிடும் பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றே: உங்கள் தட்டின் ஓரத்தில் ஒதுக்கப்பட்டுக் கிடப்பது என்ன? தகப்பன் ஒதுக்கியதை மகன் விரும்பி உண்பானோ?

தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் மிகை எடையுள்ளோர் 2015-16இல் 2.1 சதவீதம், 2019-21இல் 3.4 சதவீதம். பரம்பரையும் காரணம், கடைகளில் தொங்கும் சிப்ஸ் பொட்டலங்களும் காரணம் என்பீர்கள், மறுக்கவில்லை. ஆனால் அப்பொட்டலத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது மூன்று வயதுக் குழந்தையன்று. ஆராதனை வேளையில் அழுகையை அடக்கப் பிஸ்கட்டை நீட்டுகிறவர்கள் நாமே; வயிறு நிறைந்தபின்னும் "இன்னும் ஒரு வாய்" என்று திணிக்கிறவர்களும் நாமே. போதும் என்று அறியும் உணர்வோடு பிறந்த பிள்ளைக்கு அதை மறக்கக் கற்பிக்கிறோம்.

புதிய காயொன்றைக் குழந்தை ஏற்றுக்கொள்ளப் பத்து முறையேனும் சுவைக்க வேண்டியிருக்கலாம். அதுவரை வற்புறுத்தாதிருங்கள், நீங்கள் மகிழ்ந்து உண்பதை அது காணட்டும். பருத்த பிள்ளையைப் பரிகசிக்கவும் வேண்டாம், பட்டினி போடவும் வேண்டாம். இவ்வாரம் குடும்ப ஜெபத்துக்குப்பின் யாவரும் ஒன்றாய் அமர்ந்து, ஒரே உணவை, கைபேசியின்றி உண்ணுங்கள். தகப்பன்மாரே, கீரையை முதலில் நீங்கள் எடுங்கள்.