லாரியில் ஏறும் படகு... கயிறு சரியா இருக்கா?

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது முடிச்சூர், கோட்டூர்புரம் தெருக்களுக்குள் மீனவர்களின் ஃபைபர் படகுகள் வந்தன. 2018 ஆகஸ்ட்டில் கேரளாவில் அறுநூறுக்கும் மேற்பட்ட படகுகள் இறங்கின. 2023 டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ மழை கொட்டியபோதும் படகுகளைத்தான் தேடினோம். இவை எல்லாம் தானாக மிதந்து வரலை. லாரியில் ஏறித்தான் வந்தன. அந்தப் பயணத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதே இல்லை.

ஃபைபர் படகு சுமார் 30 அடி நீளம். தண்ணீரில் அடிப்பாகம் முழுக்கத் தாங்கப்படும் உடல், லாரியில் இரண்டு மூன்று இடத்தில் மட்டும் உட்காரும். கீழே மரக்கட்டை வைத்து, இரண்டு பக்கமும் மணல் மூட்டை அணைக்காவிட்டால், ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் அந்த இடம்தான் அடிவாங்கும். வெளியே தெரியாத மெல்லிய விரிசல், கடலில் இறக்கியபிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது கயிறு. கடலில் நம்பும் நைலான் கயிறு, இழுத்தால் நீளும். மழையில் நனைந்தால் இன்னும் தளரும். லாரிக்கு, ராட்செட் வைத்து முறுக்கும் பாலியஸ்டர் பட்டைதான் நல்லது. அது இல்லையா? நைலானையே கட்டுங்கள். ஆனால், புறப்பட்டு ஐந்தாறு கிலோமீட்டரில் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். அணியத்தை முன்னுக்கும் பின்னுக்குமாக இரண்டு திசையிலும் கட்டணும். குறுக்கே மட்டும் கட்டினால், பிரேக் போடும்போது படகு கேபினை நோக்கி நகரும். கயிறு உரசும் விளிம்பில் பழைய டயர்த் துண்டு போதும். இன்ஜினைக் கழற்றித் தனியாகக் கட்டிவிடுங்கள். உள்ளே தேங்கிய மழைநீரை இறைத்துவிடுங்கள், ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன்!

சட்டம் வேறு இருக்கு. லாரியின் உடலைத் தாண்டிச் சுமை நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் என்கிறது 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம். 30 அடிப் படகை 20 அடி லாரியில் ஏற்றினால் நீட்டாமல் என்ன செய்யும்? வெள்ள நேரத்தில் யாரும் மடக்குவதில்லை. வெள்ளம் வடிந்து ஊர் திரும்பும்போது அதே கருணை கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

கேரள அரசு 2018-ல் படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாக அறிவித்தது. சேதமான படகுகளைச் சரிசெய்து தருவதாகவும் சொன்னது. நம் ஊரிலும் அக்டோபருக்கு முன்பே, நீளமான டிரெய்லர் எங்கே நிற்கும், பட்டை யார் தருவது, வழியில் படகு உடைந்தால் யார் பொறுப்பு என்று எழுதிவைக்கலாம். இப்போதைக்கு அந்தக் கயிறு மீனவர் வீட்டுக் கயிறுதான், உடைந்தால் செலவும் அவர் தலையில்தான்.