விதையும் சொல்லும்

நுழையும் முன்

தோட்டம் போடுவோர் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கின்றனர். அவர்கள் விதையைப் பகிர்வதுபோல் சொல்லையும் பகிர்கின்றனர். அச்சொல் எவ்வாறு அமைய வேண்டும் என்பது குறித்துத் தமிழாசிரியர் ஒருவர் கூறும் கருத்தே இப்பாடம்.

மாணவர்களே,

தனுவச்சபுரத்திலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழையும் தென்னையும் மரச்சீனியும் வீட்டுச் சுவர்வரை வந்து நிற்பதை நாள்தோறும் காண்கிறீர்கள். நிலமில்லாத வாடகை வீட்டாரும் மாடியில் மண் நிரப்பிய பைகளை வரிசையாக வைத்து வெண்டை, கத்தரி, பாகல் ஆகியவற்றை வளர்க்கின்றனர். பணிமாற்றம் பெற்று இங்கு வந்த நானும் அவ்வாறே சில செடிகளை வளர்க்கிறேன்.

கேரளத்தில் ஊராட்சிதோறும் கிருஷிபவன் என்னும் வேளாண் அலுவலகம் உண்டு. ஓணத்திற்கு ஒரு முறம் காய்கறி என்னும் திட்டத்தின்கீழ் அங்கு விதையும் நாற்றும் வழங்கப்படுகின்றன. ஆயினும் விதைத்தபின் எழும் ஐயங்களுக்குப் பெரும்பாலும் அண்டை வீட்டாரே விடை கூறுகின்றனர். முன்பு வேலியோரத்தில் நடந்த அப்பேச்சு, இன்று கைப்பேசிக் குழுக்களிலும் நடைபெறுகிறது.

அத்தகைய குழு ஒன்றில் என் மாணவி ஒருத்தியின் தாயும் சேர்ந்திருந்தார். அவர் வளர்த்த பாகற்கொடியில் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தன. தாய்க்கு மலையாள எழுத்துத் தெரியாது. எனவே மகளே கேள்வியை எழுதி அனுப்பினாள். அதில் சில பிழைகள் இருந்தன. முதலில் வந்த விடை, “இதுகூடத் தெரியாதவர்கள் ஏன் செடி வளர்க்கிறீர்கள்?” என்பது. அடுத்து வந்தது, அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தவர்கள் என்பதைச் சுட்டிய கேலி. அடுப்படியிலிருந்து தாய், “என்ன சொன்னாங்க?” என்று கேட்டார். மகள், “இன்னும் யாரும் பதில் போடலை அம்மா” என்றாள். பொய் சொல்லும் பழக்கம் இல்லாத பெண் அவள்.

மறுநாள் முதிய அம்மையார் ஒருவர் தம் குரலைப் பதிவுசெய்து அனுப்பினார். “பழ ஈ பிஞ்சில் முட்டையிடுவதால் இவ்வாறு ஆகிறது. பிஞ்சு சிறிதாக இருக்கும்போதே தாளுறையால் மூடிக் கட்டுங்கள். உதிர்ந்தவற்றைப் பொறுக்கி அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் புழு மண்ணுக்குள் புகுந்து மீண்டும் ஈயாக வெளிவரும். முதல் ஆண்டில் எனக்கும் ஒரு காய்கூடத் தேறவில்லை” என்று மலையாளத்தில் விளக்கினார். மகள் அதனை ஒரு சொல்லும் விடாமல் தாய்க்குத் தமிழில் கூறினாள்.

இரண்டு விடைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் விடை ஒரு தாயை மட்டும் புண்படுத்தவில்லை. அதே ஐயத்துடன் கேட்கத் தயங்கி இருந்த பலரையும் அது வாயடைக்கச் செய்தது. கேட்பவரை நாணச் செய்யும் குழுவில் கேள்விகள் நின்றுவிடும். கேள்விகள் நின்றால் பழ ஈ ஒவ்வொரு மாடியாகப் பரவும். ஆகவே, புதியவர் அச்சமின்றிக் கேட்கும் நிலையே ஒரு தோட்டக் குழுவின் உயிர் என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு நம் வேளாண் மரபில் நல்ல சான்று உண்டு. திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் பாரம்பரிய நெல் திருவிழாவை நடத்திவந்தார். 2018ஆம் ஆண்டு மறைந்த அவர், 170க்கும் மேற்பட்ட நெல் வகைகளை மீட்டவர். விழாவுக்கு வரும் உழவருக்கு 2 கிலோ விதைநெல் கொடுப்பார். அடுத்த ஆண்டு அதனை 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். திரும்பி வந்த விதை மற்றோர் உழவருக்குச் செல்லும். பெற்ற அறிவும் அவ்வாறே செல்ல வேண்டும். இன்று விடை பெற்றவர், நாளை கேட்பவருக்கு இரு மடங்கு பொறுமையோடு விடை கூறக் கடமைப்பட்டவர்.

அப்படியாயின், குழுவில் எவரும் எதனையும் மறுக்கக் கூடாதா என்று நீங்கள் வினவலாம். மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். தவறான மருந்தைப் பரிந்துரைப்பவரைத் திருத்தாமல் விடுவது நாகரிகம் அன்று. ஆனால் மறுப்பு செயலைப் பற்றியதாக இருக்க வேண்டும். ஆளையோ அவர் பிறந்த ஊரையோ பற்றியதாக இருத்தல் ஆகாது. 2015ஆம் ஆண்டு, தமிழ்நாட்டிலிருந்து கேரளத்திற்கு வரும் காய்கறிகளில் பூச்சிக்கொல்லி எச்சம் மிகுதி என்ற விவாதம் இரு மாநிலங்களுக்கும் இடையே எழுந்தது. உண்ணும் காயில் நஞ்சு உண்டா என்று கேட்பது நியாயமான கேள்வி. அதனை ஆய்வுக்கூடத்தில் சோதித்து அறியலாம். அதே கேள்வியை, “உங்கள் ஊரார் இப்படித்தான்” என்று திருப்பினால், அது கேள்வி என்னும் தகுதியை இழந்து வசையாகிவிடும்.

இந்த மண்ணில் அவ்வசைக்குப் பொருளும் இல்லை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நடுவே எல்லை விழுந்தும் மரச்சீனி இருபுறமும் மரச்சீனியாகவே வழங்குகிறது. அம்மரச்சீனியும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததே. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதனை மக்களிடையே பரப்பினார். இங்கு ஓணத்திற்கு இடும் பூக்கோலத்திற்குத் தோவாளையிலிருந்து பூ வருகிறது. வெளியிலிருந்து வந்தவை என்று ஒதுக்கினால் நம் இலையிலும் முற்றத்திலும் எஞ்சுவது சிறிதே.

குழுவில் செடியைத் தவிர வேறெதுவும் பேசலாகாது என்பார் சிலர். நான் அவ்வளவு கடுமையை விரும்பவில்லை. பல நாள் காணாத ஒருவரை நலம் விசாரிப்பதும், முதல் காய் பறித்தவரைப் பாராட்டுவதும் உறவை வளர்ப்பவை. சாதி, சமயம், கட்சி குறித்த பூசல்களும், சரிபாராமல் அனுப்பும் செய்திகளும் விலக்கத்தக்கவை. திருவள்ளுவர் இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், புறங்கூறாமைக்கும் பயனில சொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். எதைப் பேசுவது என்பதோடு எதை விடுவது என்பதையும் கற்க வேண்டும்.

உங்களுள் பலர், பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக இருக்கிறீர்கள். அது சிறு வயதில் தோளேறிய பெரிய பொறுப்பு. அவமதிக்கும் சொல் வந்தால் அதனைத் தனியே சுமக்காதீர்கள். பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கூறுங்கள். பிழையோடு எழுதுவதற்கு நாணாதீர்கள். நாளை வேறொருவர் பிழையான தமிழில் உங்களிடம் ஓர் ஐயம் கேட்டால், முதலில் ஐயத்திற்கு விடை கூறுங்கள். பிழையைப் பிறகு திருத்தலாம்.

அந்த மாணவி சென்ற மாதம் தாளில் மடித்த பாகல் விதைகளை எனக்குத் தந்தாள். தாளின் மேல், பிஞ்சை மூடிக் கட்ட வேண்டிய முறையைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருந்தாள்.

சொற்பொருள்
எச்சம் – மீதியாகத் தங்குவது
வசை – இழித்துரைக்கும் சொல்
பூசல் – சண்டை
புறங்கூறல் – ஒருவர் இல்லாதபோது அவரைப் பழித்துப் பேசுதல்

சிந்தித்து எழுதுக
1. மகள் தாயிடம் உண்மையை மறைத்தது ஏன்? அவள் செய்தது சரியா? உம் கருத்தை எழுதுக.
2. செயலை மறுப்பதற்கும் ஆளை இகழ்வதற்கும் உள்ள வேறுபாட்டை உம் எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. உம் வீட்டில் வளரும் செடி ஒன்றின் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, அதனை வளர்க்கும் முறையை ஐந்து தொடர்களில் கூறுக.