பீஸ் போனா, "எப்ப போச்சு?"ன்னு கேளுங்க

போன வாரம் மஞ்சளுக்குத் தண்ணி கட்டிட்டு நிக்கறேன், சென்னையில இருந்து மச்சான் பையன் கூப்பிட்டான். கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. ஆசைப்பட்டு ஒரு பழைய அம்பாசடர் வாங்கியிருக்கான், 1970 மாடல்.

"மாமா, ராத்திரியில ஹெட்லைட் மங்கலா எரியுது. இன்டிகேட்டர் போட்டா பின்னாடி பார்க்கிங் லைட்டும் சேர்ந்து மினுக்குது. ஒயரிங் எல்லாம் பழசாயிடுச்சு, மொத்தமா உருவிப் போட்டுட்டுப் புதுசா இழுத்துரலாம்ங்கறாங்க. 40,000 ரூபாய் ஆகுமாம். சொல்லிரட்டுமா?"

"அவசரப்படாத சாமி, சாயங்காலம் நானே கூப்பிடறேன்"னு சொல்லி வெச்சுட்டேன். அவன்கிட்ட சொன்னதைத்தான் இங்கயும் எழுதறேன். ஊர்ல இருந்து பட்டணம் போனவங்க நிறையப் பேர் அப்பா ஓட்டுன வண்டியை மறுபடி தேடி வாங்கறாங்க. 50 வருஷம் தாண்டின வண்டியை விண்டேஜ்னு தனியாப் பதிவு பண்ண 2021ல மத்திய அரசு விதியும் கொண்டு வந்துருச்சு. அதனால இந்தப் பேச்சு ரொம்பப் பேருக்கு ஆகும்.

என் கட்சி இதுதானுங்க. பழைய வண்டியில கரன்ட் பழுதுன்னா பொருளை மாத்தறதுக்கு முன்னாடி பழுதைத் தேடணும். தேடாம மாத்தறது பணத்துக்கு மட்டும் கேடு இல்லை, சில சமயம் உயிருக்கே கேடு. இதை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கலை. பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

எங்க வீட்டு அம்பாசடர் 1972 மாடல், மார்க் 2. எங்கப்பா ஒரு அரிசி மில்காரர்கிட்ட ரெண்டாங்கையா வாங்கினது. 2006ல அதுல அடிக்கடி ஒரு பீஸ் போக ஆரம்பிச்சது. எங்க வண்டியில மொத்தமே ரெண்டு பீஸ்தான். ஒண்ணு ஹாரனுக்கு. இன்னொண்ணு சாவி போட்டா வேலை செய்யற வைப்பர், இன்டிகேட்டர், பெட்ரோல் முள்ளு, பிரேக் லைட் இதுக்கெல்லாம். ரெண்டாவது பீஸ்தான் போச்சு. புதுசு போடுவேன், நாலு நாள் நிக்கும், மறுபடி போயிரும். ஒருத்தர் பிரேக் லைட் சுவிட்சை மாத்தச் சொன்னார், மாத்தினேன். இன்னொருத்தர் பல்பை மாத்தச் சொன்னார், அதையும் மாத்தினேன். மூணாவது ஆள் ஒயரிங்கையே மாத்தணும்னார். அதுக்குக் கையில காசு இல்லை.

அப்பத்தான் நம்ம தோட்டத்துப் புத்தி வேலை செஞ்சது. கெணத்து மோட்டார்ல பீஸ் போனா நாம என்ன பண்றோம்? பீஸ் கட்டையில ரெண்டு இழை கம்பியைக் கூடச் சுத்தி விட்டுருவோம். வண்டியிலயும் அதையேதான் பண்ணேன். அதுக்கப்புறம் பீஸ் போகவே இல்லை. பெரிய மேதை மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டேன்.

பத்து நாள் கழிச்சு எங்கம்மாவையும் என் மகளையும் கூட்டிட்டு பண்ணாரிக்குப் போயிட்டுத் திரும்பி வர்றோம். மகளுக்கு அப்ப ஆறு வயசு. பின் சீட்டுல பாட்டி மடியில தூங்கிட்டு வந்தா. ஒரு வேகத்தடையில பிரேக்கை அழுத்திப் பிடிச்சேன். சீட்டுக்கு அடியில இருந்து புகை. பிளாஸ்டிக் கருகற நாத்தம். வண்டியை ஓரங்கட்டி, ரெண்டு பேரையும் இழுத்து வெளிய விட்டுட்டு, பேட்டரி ஒயரைக் கையாலயே பிடுங்கிப் போட்டேன். உள்ளங்கையில அந்தத் தழும்பு இன்னும் இருக்கு. அந்தப் பக்கமாப் பின்னாடி பெட்ரோல் டேங்கும் இருக்குங்கறதை நினைச்சு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரலை.

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்துட்டு ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீசியன்கிட்டப் போனேன். அறுபது வயசுக்காரர். நாங்க எல்லாரும் ஒயர்மேன் அண்ணன்னுதான் கூப்பிடுவோம். அவர் பானெட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பீஸ் எப்ப போகும்?"

என்ன போச்சுன்னு எல்லாரும் கேட்டாங்க. எப்ப போச்சுன்னு யாருமே கேட்டதில்லை, நானும் யோசிச்சதில்லை. அப்புறம் நினைச்சுப் பார்த்தா, ஒவ்வொரு தடவையும் பிரேக் போட்டப்பத்தான் போயிருக்கு. "அப்ப பாதிப் பழுது கண்டுபிடிச்சாச்சு"ன்னார். பிரேக் மிதிச்சாத்தான் போகுதுன்னா, கோளாறு பிரேக் சுவிட்சுக்கு அந்தாண்டதான் இருக்கணும். சுவிட்சுக்கு இந்தாண்ட இருந்தா சாவி போட்ட உடனே போயிருக்கும்.

கருகின ஒயரைத் தற்காலிகமா ஒட்டிட்டு, பீஸ் இருக்கற இடத்துல பீஸுக்குப் பதிலா ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டினார். அந்தப் பல்பு வழியாத்தான் கரன்ட் போகும், அதனால எங்கயும் தீப்பிடிக்காது. பிரேக்கை மிதிக்கச் சொன்னார். பல்பு முழுசாப் பளிச்சுன்னு எரிஞ்சது. கரன்ட் எங்கயோ நேரா பாடியில இறங்குதுன்னு அர்த்தம். டிக்கிக்குள்ள பிரேக் லைட் ஒயரைக் கழட்டி விட்டார். அப்பவும் எரிஞ்சது. ஆக, கோளாறு லைட்டுல இல்லை, வழியிலதான். பச்சையில ஊதாக் கோடு போட்ட அந்த ஒயரை முன்னாடி இருந்து ஒவ்வொரு சாணா அசைச்சுக்கிட்டே வந்தார். பின் சீட்டுக்கு அடியில ஒரு தகடு ஓட்டை வழியா அது நுழையற இடத்துல பல்பு மினுக்குச்சு. ஓட்டையில இருக்க வேண்டிய ரப்பர் புஷ் இல்லை. தகடு ஒயரோட தோலைக் கொஞ்சம் கொஞ்சமா அறுத்திருக்கு. அரைமணி நேரத்துல வேலை முடிஞ்சது.

அப்புறம் என்னை உட்கார வெச்சு ஒரு கணக்கு சொன்னார். பிரேக் லைட் ரெண்டு பல்பு, ஒண்ணு 21 வாட். மொத்தம் 42 வாட். 12 வோல்ட் வண்டியில அது எடுக்கறது 3.5 ஆம்பியர்தான். 35 ஆம்பியர்ல எரியற பீஸ் எரியுதுன்னா பத்து மடங்கு கரன்ட் எங்கயோ கொட்டுது. பீஸ் எரிஞ்சு அதை உனக்குச் சொல்லுது. நீ கம்பி சுத்தி அதோட வாயைக் கட்டிட்டே. பீஸ் எரியலைன்னா அடுத்து எரியறது ஒயர், அதுக்கு அடுத்து வண்டின்னார். அன்னைக்கே வீட்டுக்கு வந்து கெணத்து மோட்டார் பீஸ் கட்டையில சுத்தியிருந்த கம்பியையும் எடுத்துட்டேன்.

இது ஷார்ட் ஆகற பழுது. மச்சான் பையனுக்கு வந்தது இன்னொரு வகை, கரன்ட் போய்ச் சேராத பழுது. பழைய வண்டியில இதுதான் அதிகம். இதைத் தோட்டக்காரனுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. கடைசி வயலுக்குத் தண்ணி ஏறலைன்னா கெணத்தையா குறை சொல்லுவோம்? வாய்க்கால் கூடவே நடந்து போய் எலி வளை எங்கன்னுதானே பார்ப்போம்? கரன்டுக்கு ரெண்டு வாய்க்கால். ஒண்ணு ஒயர் வழியாப் போறது. இன்னொண்ணு வண்டியோட தகடு வழியா பேட்டரிக்குத் திரும்பி வர்றது, அதுதான் எர்த்து. போற வழியை எல்லாரும் பார்ப்பாங்க. திரும்புற வழியில துரு ஏறியிருக்கறதை யாரும் பார்க்கறதில்லை.

இன்டிகேட்டர் போட்டா பார்க்கிங் லைட் சேர்ந்து மினுக்கறது, பிரேக் போட்டா வேற பல்பு லேசா எரியறது, இதெல்லாம் அந்த லைட்டோட எர்த்து போயிடுச்சுங்கறதுக்கு அடையாளம். கரன்டுக்குத் திரும்பற வழி அடைச்சிருந்தா பக்கத்துப் பல்பு வழியா வெளிய போகப் பார்க்கும். ஸ்டார்ட்டர் இழுவையாச் சுத்துதா? பேட்டரி வாங்க ஓடாதீங்க. இன்ஜின் ரப்பர் மேல உட்கார்ந்திருக்கு. அதையும் பாடியையும் சேர்க்கற பின்னல் பட்டையைப் பாருங்க. அது அத்துப் போயிருந்தா கரன்ட் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாப் போகும், கேபிள் சுடும். டைனமோ வண்டியில ஐடில்ல சிவப்பு லைட் மினுக்கினா அது பழுதே இல்லை. டைனமோ அந்த வேகத்துல சார்ஜ் ஏத்தாது. அதுக்காக நல்ல டைனமோவை மாத்தினவங்களை எனக்குத் தெரியும்.

ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கங்க. முழுசா சார்ஜ் ஏறின பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். ஹெட்லைட்டைப் போட்டுட்டு, மீட்டரோட ஒரு முனையை பேட்டரியில பாடிக்குப் போற டெர்மினல்லயும், இன்னொரு முனையை லைட்டோட எர்த்து ஒயர்லயும் வைங்க. கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும். அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா அந்த வழியில எலி வளை இருக்கு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, திருகை இறுக்கி, வாசலின் தடவுங்க. ஒயரைக் கழட்டி வேலை செய்யறதுக்கு முன்னாடி பாடிக்குப் போற பேட்டரி ஒயரைக் கழட்டி வெச்சுருங்க. பழைய பிரிட்டிஷ் வகை வண்டிகள்ல பாடிக்குப் போறது பாசிட்டிவாவும் இருக்கும், அதையும் முதல்லயே பார்த்துக்கங்க.

ஒயரிங்கை மாத்தவே கூடாதுன்னு நான் சொல்லலை. கையில வளைச்சா தோல் பொரிஞ்சு உதிருதுன்னா மாத்தித்தான் ஆகணும். அப்பவும் அதே கலர்ல இழுக்கச் சொல்லுங்க. நம்ம அம்பாசடர் இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுல இருந்து வந்தது. அந்த பிரிட்டிஷ் முறையில காப்பி கலர்னா பேட்டரியில இருந்து நேரா வர்றது, வெள்ளை சாவிக்கு அப்புறம் வர்றது, பச்சை பீஸுக்கு அப்புறம் வர்றது, கறுப்பு எர்த்து. எல்லாத்தையும் ஒரே சிவப்புல இழுத்து விட்டாங்கன்னா, அடுத்துத் தேட வர்றவனுக்குக் கண்ணைக் கட்டி விட்ட மாதிரி.

கடைசியா, எனக்கே வெக்கமா இருக்கற ஒரு விஷயம். அன்னைக்கு ஒயர்மேன் அண்ணன் 300 ரூபாய் கேட்டார். "ஒரு ரப்பர் புஷ்ஷுக்கு முந்நூறா?"ன்னு கேட்டுட்டு 150 குடுத்துட்டு வந்தேன். அதுக்கு முன்னாடி பிரயோசனமே இல்லாம மாத்தின சுவிட்சுக்கும் பல்புக்கும் பேரம் பேசாம 600 குடுத்திருந்தேன். பொருளைக் கண்ணுல பார்த்தா காசு குடுப்போம், தேடின புத்திக்குக் குடுக்க மாட்டோம். அப்புறம் மெக்கானிக் ஏன் தேடப் போறான்? மாத்தத்தான் சொல்லுவான். அண்ணனோட பையனும் இந்தத் தொழில் வேண்டாம்னு திருப்பூர் போயிட்டான். அண்ணன் இப்ப இல்லை. அந்த மீதி 150ஐக் குடுக்க எனக்கு ஆளும் இல்லை.

மச்சான் பையன் நேத்து கூப்பிட்டான். பின் லைட்டோட எர்த்துத் திருகு துருப்பிடிச்சுக் கிடந்துச்சாம். தேய்ச்சு இறுக்கினதும் மினுக்கறது நின்னுருச்சு. ஹெட்லைட்டுல 1.8 வோல்ட் காட்டுது, எங்கன்னு தெரியலை மாமான்னான். பொறுமையாத் தேடற ஆள் ஒருத்தரைப் பார்த்துக் காட்டு, ரெண்டு மணி நேரம் தேடினா ரெண்டு மணி நேரத்துக்கும் கூலி குடு, பேரம் பேசாதன்னு சொல்லியிருக்கேன்.