அறுக்கும் முன் கேளுங்கள்: இந்தப் பாகத்துக்கு என்ன வேலை?



1948 ஜூன் மாதம் தொடங்கி 1960 ஜூலை 31 வரை மலாயாவில் அவசரகாலம் நடப்பில் இருந்ததை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் நாட்டின் பல தோட்டங்களில் லயங்களைச் சுற்றி முள்வேலி போடப்பட்டது. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. சிறப்புக் காவலர்கள் காவலுக்கு நின்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலாய் இளைஞர்கள். அவர்களுடைய தோளில் தொங்கிய துப்பாக்கிகளில் முக்கியமானது லீ-என்ஃபீல்டு.

இந்த வாரம் அந்தத் துப்பாக்கியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். வீரக் கதை சொல்வதற்காக அன்று. அது உயிரைக் கொல்வதற்கென்றே செய்யப்பட்ட கருவி. அதைப் புகழ எனக்கு விருப்பமில்லை. ஆனால் போர் முடிந்த பிறகு அதை வாங்கியவர்கள் அதற்குச் செய்த மாற்றங்களில் உங்களுக்குப் பயன்படும் ஓர் அறிவியல் பாடம் இருக்கிறது. கோலசிலாங்கூரில் மிதிவண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும்.

முதலில் கருவியைத் தெரிந்துகொள்வோம். ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் வடிவமைத்த இயக்க முறையும் இங்கிலாந்தின் என்ஃபீல்டு ஆயுதத் தொழிற்சாலையின் குழலும் சேர்ந்து 1895-இல் இந்தப் பெயர் பிறந்தது. கதவுத் தாழ்ப்பாளைப் போன்ற ஓர் இரும்புத் தண்டு இதில் உண்டு. அதைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா உள்ளே போகும். குழலின் நீளம் சுமார் 64 சென்டிமீட்டர். மொத்தம் சுமார் 4 கிலோகிராம். குழலைச் சுற்றி, ஏறக்குறைய முனைவரை, மரம் மூடியிருக்கும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இத்தகைய துப்பாக்கிகள் இலட்சக்கணக்கில் மிஞ்சின. கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற நாடுகளில் அவை மிகக் குறைந்த விலைக்குப் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்கள் மானும் மூஸும் வேட்டையாட அவற்றை மாற்றிக்கொண்டார்கள். முன்பக்க மரத்தைப் பாதியில் அறுத்தார்கள். கத்தி செருகும் கொக்கியைக் கழற்றினார்கள். சிலர் குழலையும் குட்டையாக்கினார்கள். தொலைநோக்கி பொருத்த உடல்பகுதியில் துளை போட்டார்கள்.

இது முட்டாள்தனமான வேலையன்று. நியாயமான காரணம் உண்டு. போர்வீரன் தொடர்ந்து பலமுறை சுடுவான், குழல் கொதிக்கும். மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் அந்த உறை அவன் கையைக் காக்கிறது. வேட்டைக்காரனோ ஒன்றிரண்டு முறைதான் சுடுவான்; ஆனால் நாள் முழுதும் தூக்கிக்கொண்டு நடப்பான். அவனுக்கு எடை குறைவதே பெரிய உதவி. வேலை மாறினால் கருவியும் மாற வேண்டும். போர்க் கருவி வேறு வேலைக்குப் போனதும், இருக்கிற இரும்பு வீணாகாமல் பயன்பட்டதும் நல்லவைதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அறுத்தவர்களில் பலர் எடையை மட்டும் பார்த்தார்கள். அந்த எடை என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று கேட்கவில்லை.

பிரிட்டிஷ் இராணுவமே இதை நமக்குக் காட்டியது. 1944-இல் லீ-என்ஃபீல்டின் இலகுவான வடிவம் ஒன்றை அது செய்யத் தொடங்கியது. எண் 5 என்பது அதன் முறையான பெயர். மக்கள் வைத்த பெயர் ‘ஜங்கிள் கார்பைன்’. குழலைச் சுமார் 48 சென்டிமீட்டராகக் குறைத்தார்கள். மரத்தைக் குட்டையாக்கினார்கள். உடல்பகுதியின் இரும்பைக்கூட ஆங்காங்கே செதுக்கி எடுத்தார்கள். எடை சுமார் 3.2 கிலோகிராமுக்கு இறங்கியது. அவசரகாலத்தின் தொடக்க ஆண்டுகளில் மலாயாக் காடுகளில் வீரர்கள் சுமந்து திரிந்ததும் இதைத்தான்.

இப்போது ஒரு கணக்கு. உந்தம் என்பது பொருண்மையையும் திசைவேகத்தையும் பெருக்கி வருவது. படிவம் 4 இயற்பியலில் இது உண்டு. இந்தத் துப்பாக்கியின் தோட்டா 11.3 கிராம். நீண்ட குழலிலிருந்து நொடிக்குச் சுமார் 744 மீட்டர் வேகத்தில் வெளியேறும். 0.0113-ஐ 744-ஆல் பெருக்கினால் உந்தம் ஏறக்குறைய 8.4. தோட்டா முன்னால் போகும்போது அதே அளவு உந்தத்துடன் துப்பாக்கி பின்னால் வரும். 4 கிலோ துப்பாக்கி நொடிக்கு 2.1 மீட்டர் வேகத்தில் தோளைத் தாக்கும். 3.2 கிலோ துப்பாக்கியோ நொடிக்குச் சுமார் 2.6 மீட்டர் வேகத்தில் தாக்கும். இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் முன்னது சுமார் 8.8 ஜூல், பின்னது 11 ஜூல். எடையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தோம். தோளில் விழும் ஆற்றல் நான்கில் ஒரு பங்கு கூடியது. குட்டைக் குழலில் தோட்டாவின் வேகம் சற்றுக் குறையும் என்பதையும், வெடிமருந்து வாயுவின் உந்தத்தையும் இதில் நான் சேர்க்கவில்லை. கணக்கின் போக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

ஆக, அந்த 800 கிராம் வெறும் சுமையன்று. அது தோளைக் காத்துக்கொண்டிருந்தது.

வடிவமைத்தவர்களுக்கு இது தெரியும். அதனால் துப்பாக்கியின் பின்முனையில் ஒரு ரப்பர் மெத்தை வைத்தார்கள். ஆனால் அந்த மெத்தை பின்முனையைவிடக் குறுகலானது. விசையைப் பரப்பளவால் வகுத்தால் அழுத்தம். பரப்பளவு குறைந்தால் அழுத்தம் கூடும். போதாக்குறைக்கு, ரப்பர் நாளடைவில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகிவிடும். ரப்பர் தோட்டங்களின் வழிவந்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய ரப்பர் வளையம் எப்படி வெடித்துப் போகிறது என்பதை நாம் பார்த்திருக்கிறோம். வலியைக் குறைக்க வைத்த மெத்தையே வலியைக் கூட்டியது.

இன்னொரு புகாரும் எழுந்தது. குறியைச் சரியாகப் பொருத்தி வைத்தாலும் சில நாளில் அது விலகிப் போகிறது என்றார்கள். இரும்பைச் செதுக்கியதால் உடல்பகுதி வளைந்து கொடுக்கிறது என்பது ஒரு விளக்கம். உண்மைக் காரணம் எது என்று இன்றும் வாதிடுகிறார்கள். இராணுவம் அது வடிவமைப்பிலேயே உள்ள குறை என்று கூறி, 1947-இல் உற்பத்தியை நிறுத்தியது.

பொறியாளர்கள் நிறைந்த தொழிற்சாலையின் கதையே இப்படி என்றால், வீட்டுப் பின்புறத்தில் வாளெடுத்து மரத்தை அறுத்தவரின் கதை எப்படி இருக்கும்? சுடும்போது குழல் வீணைத் தந்தியைப் போல அதிர்கிறது. முன்பக்க மரம் குழலை எந்தெந்த இடத்தில் தொட வேண்டும் என்பதைத் தொழிற்சாலையில் பார்த்துப் பொருத்தியிருந்தார்கள். அது அந்த அதிர்வைக் கட்டுப்படுத்தியது. மரத்தை அறுத்ததும் அதிர்வு மாறியது, குறியும் மாறியது. மரம் வெறும் போர்வை என்று நினைத்தவர் அறுத்த பிறகுதான் அதன் வேலையை அறிந்தார்.

இதற்கு மாறான ஒரு வழியும் இருந்தது. இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் இராணுவத் தோட்டா போடும் துப்பாக்கியைப் பொதுமக்கள் வைத்திருக்க அனுமதி இல்லை. அதனால் அதே லீ-என்ஃபீல்டு முறையில், .315 என்ற வேறு அளவுத் தோட்டாவுக்கென வேட்டைத் துப்பாக்கிகள் செய்யப்பட்டன. பிற்காலத்தில் மேற்கு வங்காளத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையும் அவற்றைச் செய்தது. அங்கே பழையதை அறுக்கவில்லை. புதிய வேலைக்கு என்ன தேவை என்று முதலில் எழுதி, வரைந்து, பிறகு செய்தார்கள். இரண்டும் மாற்றம்தான். ஒன்று அறிந்து மாற்றியது; மற்றது அறுத்துவிட்டு அறிந்தது.

இனி என் கருத்துக்கு வருகிறேன். எந்தப் பொருளையும் மாற்றக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். மாற்றிப் பார்க்காமல் அறிவியல் வளராது. ஆனால் கை வைக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இந்தப் பாகம் இப்போது என்ன வேலை செய்கிறது? புதிய பயன்பாட்டில் அந்த வேலையை எது செய்யும்? தவறாகிவிட்டால் பழைய நிலைக்குத் திருப்ப முடியுமா?

இந்தக் கேள்விகள் துப்பாக்கிக்கு மட்டுமல்ல. நம் பிள்ளைகளில் சிலர் மிதிவண்டியின் பிரேக்கைக் கழற்றி, கைப்பிடியைத் தாழ்த்தி, இருக்கையை இறக்கி, ‘லாஜாக்’ ஓட்டுகிறார்கள். எடை குறையும், வேகம் கூடும் என்பது அவர்களுடைய கணக்கு. முதல் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். பிரேக் என்ன வேலை செய்கிறது? ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 72 கிலோ. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம். இயக்க ஆற்றல் சுமார் 2,500 ஜூல். நான் மேலே சொன்ன தோட்டாவின் ஆற்றல் சுமார் 3,100 ஜூல். அதாவது, சாதாரண வேகத்தில் போகும் ஒரு மிதிவண்டி, போர்த் துப்பாக்கியின் தோட்டா சுமக்கும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கைச் சுமந்துகொண்டு போகிறது. பிரேக் அதை வெப்பமாக மாற்றி மெல்லக் கரைக்கிறது. பிரேக் இல்லையென்றால் அந்த 2,500 ஜூல் எங்கே போகும்? இரண்டாவது கேள்விக்கு விடை இல்லை. விழுந்தால் உடம்புதான் அதை வாங்க வேண்டும்.

2017 பிப்ரவரி 18-ஆம் நாள் அதிகாலையில் ஜொகூர்பாருவில் மாற்றியமைத்த மிதிவண்டிகளில் சென்ற பதின்ம வயதுப் பிள்ளைகள் எட்டுப் பேர் கார் மோதி இறந்தார்கள். யார் குற்றவாளி என்ற கேள்வி நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் நடந்தது. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் அந்த எட்டுப் பேரும் உங்கள் வயதினர். மூன்றாவது கேள்வியை அவர்களுக்காக நினைத்துப் பாருங்கள்: பழைய நிலைக்குத் திருப்ப முடியுமா?

மூன்றாவது கேள்வி நம் தோட்டங்களுக்கும் உரியது. போருக்குப் பிறகு மலிவாகக் கிடைத்த துப்பாக்கியை அறுத்தவர்கள், அது என்றும் மலிவாகவே கிடைக்கும் என்று நினைத்தார்கள். இன்று அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் தேடுவது அறுபடாத துப்பாக்கியைத்தான். அறுத்த மரம் திரும்ப ஒட்டாது. துளைத்த இரும்பு மூடாது. மீள் மாற்றம், மீளா மாற்றம் என்று படிக்கிறோமே, அதுதான் இது.

பத்தாங் பெர்ஜுந்தையில், இன்றைய பெஸ்தாரி ஜெயாவில், தென்னமரம் தோட்டம் இருக்கிறது. இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் அங்கேதான் தொடங்கியது. அதைச் சுற்றியுள்ள பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்துவிட்டது. ரப்பர் பாலைத் தகடாக அழுத்தும் உருளை இயந்திரங்கள் பழைய இரும்பு வாங்கும் லோரியில் ஏறிவிடுகின்றன. அந்த உருளையில் ஏன் வரிவரியாகப் பள்ளம் இருக்கிறது? தகட்டில் வரி விழுந்தால் பரப்பளவு கூடும், சீக்கிரம் காயும், ஒன்றோடொன்று ஒட்டாது. இதைச் சொல்ல ஒரு பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விற்பதா வேண்டாமா என்பது பெரியவர்கள் முடிவு. ஆனால் அது போவதற்கு முன் அளந்து, படம் எடுத்து, ஒவ்வொரு பாகத்தின் வேலையையும் குறித்து வைக்க உங்களால் முடியும். அதற்கு ஓர் அளவு நாடாவும் ஒரு கைப்பேசியும் போதும்.

ஓர் எச்சரிக்கை. நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். பழையது, துருப்பிடித்தது என்ற சாக்கு செல்லாது. தோட்டத்திலோ ஆற்றங்கரையிலோ பழைய தோட்டா, குண்டு எதையாவது கண்டால் தொடாதீர்கள். விலகி நின்று 999-ஐ அழையுங்கள். அந்தக் காலத்து ஆயுதங்களைப் பார்க்க விரும்பினால் கோலாலம்பூரில் அரச மலேசியக் காவல்துறை அருங்காட்சியகம் இருக்கிறது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தால் போதும்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டிலுள்ள ஏதாவது ஒரு பழைய பொருளை எடுங்கள். எதையும் கழற்றாமல், அதில் எத்தனை பாகம் உண்டு, ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று எழுதுங்கள். விடை தெரியாத பாகம் ஒன்றாவது மிஞ்சும். கையில் திருப்புளி எடுக்கும் முன் அந்தப் பாகத்தைப் பற்றி யாரிடமாவது கேளுங்கள்.